ஐம்பது பைசா ஷாம்பூவும் நான்கு முடிவுகளும்

ஒரு பொருளை விற்பதற்காக நிறுவனம் தானே எடுக்கக்கூடிய முடிவுகளின் தொகுப்புதான் சந்தைப்படுத்தல் கலவை. போட்டியாளரின் போக்கும் அரசின் சட்டமும் நிறுவனத்தின் கையில் இல்லை. இந்தக் கலவை மட்டும் அதன் கையில் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் நீல் போர்டன் இதைப் பன்னிரண்டு அம்சங்களாகப் பட்டியலிட்டார். 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி தம் பாடநூலில் அவற்றைப் பொருள், விலை, இடம், விற்பனை ஊக்குவிப்பு என நான்காக வகைப்படுத்தினார்.

இந்த நான்கும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதற்குக் கடலூரில் பிறந்த ஷாம்பூ பாக்கெட்டைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கே ஷாம்பூவைச் சிறு உறைகளில் அடைத்து விற்ற முன்னோடி சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பூ நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது.

பொருள் என்பது உள்ளே இருக்கும் திரவம் மட்டுமல்ல. அளவு, மணம், பெயர், உறை எல்லாம் அதில் அடங்கும். தினக்கூலி வாங்கும் குடும்பத்தால் ஒரு பாட்டிலுக்கான பணத்தை மொத்தமாக எடுத்து வைக்க முடியாது. ஒருமுறை தலைக்குக் குளிக்கப் போதுமான பாக்கெட் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் அளவைக் குறைத்தால் மட்டும் போதாது. சிக் ஒரு கட்டத்தில் 50 பைசாவுக்கு வந்தது. அந்தத் தொகைக்குள் மூலப்பொருள், உறை, போக்குவரத்து, கடைக்காரரின் லாபம் எல்லாமே அடங்கியாக வேண்டும். கலவையில் பணத்தை உள்ளே கொண்டுவருவது விலை ஒன்றுதான். மற்ற மூன்றும் செலவு.

இடம் என்பது பொருள் வாங்குபவரைச் சென்றடையும் வழி. சரமாகத் தொங்கவிடக்கூடிய பாக்கெட்டுக்கு அலமாரி வேண்டாம், அதனால் பெட்டிக்கடையிலும் அதற்கு இடம் கிடைத்தது. நான்காவது, விற்பனை ஊக்குவிப்பு. ஷாம்பூவே பழகாத கிராமங்களில் விற்பனையாளர்கள் ஊரார் முன்னிலையில் ஒரு சிறுவனின் தலையை அலசிக் காட்டினார்கள். காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதலில் எந்த நிறுவனத்தின் காலி உறையும் ஏற்கப்பட்டது, பிறகு சிக் உறை மட்டுமே. சந்தைப்படுத்தல் என்றாலே விளம்பரம் என்று பலர் நினைப்பதற்குக் காரணம், நான்கில் வெளியே பளிச்சென்று தெரிவது இந்த ஊக்குவிப்பு மட்டும்தான் என்பதே.

வங்கி, மருத்துவமனை போன்ற சேவைகளுக்கு இந்த நான்கு போதவில்லை. 1981இல் பூம்ஸ், பிட்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஊழியர்கள், செயல்முறை, கண்ணால் காணும் சூழல் என மூன்றைச் சேர்த்தார்கள்.

இந்தப் பட்டியல்கள் எதுவும் தனியாகப் பெயர் சொல்லாத ஒன்று, பயன்படுத்திய பின் எஞ்சும் உறை. பல அடுக்கு பிளாஸ்டிக்காலான பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது கடினம். அது சாக்கடையிலும் வயலிலும் போய்த் தங்குகிறது. பொருளைத் திட்டமிடும்போதே காலி உறை எங்கே போகும் என்பதையும் நிறுவனங்கள் தங்கள் கணக்கில் எழுதியாக வேண்டும்.