செங்கோலும் செபமும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



2023-ஆம் ஆண்டு மே 28. அன்று தூய ஆவியார் பெருவிழா. நாம் ஆலயங்களில் திருப்பலியில் கூடியிருந்த அந்தக் காலையில், தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஆதீனங்கள் முன்னிற்க, மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே செங்கோல் நிறுவப்பட்டது. பல சமயத்தாரும் அங்கே செபித்தார்கள். கிறிஸ்தவ செபமும் ஒலித்தது.

அந்தச் செங்கோல் நம் காவிரிக் கரையோடு தொடர்புடையது. 1947 ஆகஸ்டு 14 மாலை, குத்தாலத்தை அடுத்த திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் சென்றவர்கள், தில்லியில் நேருவின் இல்லத்தில் அதை அவரிடம் கொடுத்தார்கள். அப்போது அந்த ஊர் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

திறப்பு விழாவுக்குப் பின் நம்மிடம் இருவகையாகப் பேசினார்கள். "நம்ம செபமும் அங்க கேட்டுச்சே சாமி" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. "ஆட்சி மேடையில சாமியார்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: பதவியேற்கும் ஒருவருக்காகச் செபிக்கும்போது நாம் உண்மையில் எதைக் கேட்கிறோம்?

முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். குடியரசுத் தலைவரின் உறுதிமொழி அரசியலமைப்பின் 60-ஆம் பிரிவில் உள்ளது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்னிலையில் அது எடுக்கப்படுகிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் சமமானவை. சமயத் தலைவர் வந்து செபிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. அதிபர் பதவியேற்கும் மேடையிலேயே செபிக்கிறார்கள். 1937-இல் ரூசவெல்ட் இரண்டாம் முறை பதவியேற்றபோது அது தொடங்கியது. அன்று இறுதி ஆசி வழங்கியவர் ஜான் ரயன் என்ற கத்தோலிக்கக் குரு. 1961-இல் முதல் கத்தோலிக்க அதிபராகக் கென்னடி பதவியேற்றபோது, கர்தினால் குஷிங் நீண்ட செபம் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடைப் பலகையிலிருந்து புகை கிளம்பியது! மின்கசிவுதான், செபத்தின் நீளத்தால் அல்ல.

ஆட்சிக்கும் செபத்துக்கும் உள்ள உறவு விவிலியத்தில் மிகப் பழையது. சவுலுக்கு எண்ணெய் வார்த்தவர் இறைவாக்கினர் சாமுவேல். சாலமோனை அருள்பொழிவு செய்ய குரு சாதோக்கும் இறைவாக்கினர் நாத்தானும் கீகோனுக்குச் சென்றார்கள். ஆனால் அதே சாமுவேல்தான், சவுல் தவறியபோது, ஆண்டவர் உன்னைத் தள்ளிவிட்டார் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அதே நாத்தான்தான் தாவீதின் முன் நின்று, உரியாவின் மனைவியை அபகரித்த பாவத்தை உணர்த்தினார். அருள்பொழிவு செய்ய உரிமை பெற்றவருக்குக் கண்டிக்கும் கடமையும் இருந்தது.

இதற்கு மாறான ஒருவரையும் ஆமோஸ் நூலின் 7-ஆம் அதிகாரம் காட்டுகிறது. பெத்தேலின் குரு அமட்சியா, ஏழைகளுக்காகப் பேசிய ஆமோசை விரட்டினார். அவர் சொன்ன காரணம் என்ன? இது அரசரின் திருத்தலம் என்பதுதான். ஆண்டவரின் இல்லம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் ஆட்சியாளருக்காக எதைக் கேட்பது? திருப்பாடல் 72-ஐ எடுத்து வாசியுங்கள். அது அரசருக்கான செபம். ஏழைக்கு நீதி கிடைக்க வேண்டும், ஆதரவற்றோரைக் காக்க வேண்டும், அறுவடையான நிலத்தில் இறங்கும் மழையைப் போல் அவருடைய ஆட்சி இருக்க வேண்டும் என்றே அது மன்றாடுகிறது. சாலமோனும் நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்க ஞானமுள்ள உள்ளத்தைக் கேட்டார்.

திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில், அரசர்களுக்காகவும் உயர்நிலையில் உள்ளோருக்காகவும் மன்றாடச் சொல்கிறார். அந்த அரசர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். தொடக்கத் திருச்சபையினர் பேரரசருக்காகச் செபித்தார்கள். ஆனால் பேரரசரின் சிலைக்குத் தூபம் காட்ட மறுத்து உயிரைக் கொடுத்தார்கள். ஒருவருக்காகச் செபிப்பது வேறு, அவரை வணங்குவது வேறு. இன்றும் புனித வெள்ளிப் பெருமன்றாட்டுகளில் நாட்டை ஆள்வோருக்காகச் செபிக்கிறோம். நாம் யாருக்கு வாக்களித்தோம் என்று அந்த மன்றாட்டு கேட்பதில்லை.

2025 சனவரி 21 அன்று, அமெரிக்க அதிபர் பதவியேற்ற மறுநாள், வாஷிங்டன் பேராலய வழிபாட்டில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த பெண் ஆயர் மேரியன் பட், அதிபரை நேரே பார்த்து, அச்சத்தில் வாழும் குடியேறிகள்மீது இரக்கம் காட்டுமாறு வேண்டினார். அதிபர் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவருடைய அரசியலை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் ஆள்பவரின் முகத்துக்கு முன் எளியவரை நினைவூட்டுவது நாத்தானின் வழி என்பதை மறுக்க முடியாது.

இங்கே நாமும் ஒன்றை அறிக்கையிட வேண்டும். முன்பு ஒரு பங்கில், தேர்தலில் வென்ற ஒருவர் நன்றி சொல்ல ஆலயத்துக்கு வந்தார். அவரைப் பீடத்தருகே நிறுத்தி, அவருடைய வெற்றிக்காகவும் நலனுக்காகவும் நெடுநேரம் செபித்தோம். கூட்டம் கலைந்த பின் ஒரு பாட்டி வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போக ஒழுங்கான பாதை இல்லாமல், மழைக்காலத்தில் சேற்றில்தான் சவப்பெட்டியைத் தூக்கிச் செல்வார்கள். "சாமி, அவ்வளவு செபத்துல எங்க பாதைக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கலாமே?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. அன்று நாம் சொன்னது செபம்தானா, மாலை மரியாதையா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

காவிரி வரும்போது கல்லணையில் மலரும் நெல்லும் தூவுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயி அந்தப் பூவை வைத்து ஆற்றை மதிப்பிடுவதில்லை. தன் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்த நாளைத்தான் அவர் கணக்கில் வைக்கிறார். மேடையில் சொல்லப்படும் செபமும் தூவிய மலரைப் போன்றதே. ஆட்சியின் நீதி கடைமடை மனிதரை எட்டினால்தான் அந்தச் செபம் பலித்தது என்போம்.

செங்கோல் என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. நேராக இருக்கும் வரைதான் அது செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். வள்ளுவரும் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்தே வைத்தார். பிலாத்துவின் முன் நின்ற நம் ஆண்டவர், உமது அதிகாரம் மேலிருந்து வந்தது என்று அவருக்கு உணர்த்தினார். மேலிருந்து வந்தது என்றால், கணக்குக் கொடுக்க வேண்டியது என்று பொருள்.

எனவே, அன்பானவர்களே, நம் செபம் தில்லியில் கேட்டதா என்பதைவிட, அது ஏழைக்காகக் கேட்டதா என்று பார்ப்போம். ஊராட்சித் தலைவரோ அமைச்சரோ நம் ஆலயத்துக்கு வரும்போது அன்போடு வரவேற்போம். எந்தக் கட்சியானாலும் அவருக்காகச் செபிப்போம். அந்தச் செபத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில், பாதையில்லாத தெருவையும், தண்ணீர் எட்டாத வயலையும், கூலி கிடைக்காத கையையும் பெயர் சொல்லி வைப்போம்.

இறைவா, எங்களை ஆள்வோருக்கு ஞானத்தைத் தாரும். அவர்களுக்காகச் செபிக்கும் எங்களுக்கு உண்மை பேசும் துணிவைத் தாரும். ஆமென்.