ஒரே எண்ணால் எல்லாத் துறையையும் அளக்கலாமா?

ரேணிகுண்டாவில் ரயிலை விட்டு இறங்கிக் காளஹஸ்தி சாலையில் போனால் ஏர்ப்பேடு வரும். 2015-இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடியும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசரும் இன்று இயங்குவது அந்தப் பகுதியில்தான். திருப்பதி நகரில் 1954 முதல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவம், கால்நடை, வேளாண்மை ஆகியவற்றுக்கும் தனித்தனி ஆய்வு நிறுவனங்கள் உண்டு. சித்தூர் செல்லும் வழியில், காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். கணிதம் முதல் நிலக்கடலை வரை இந்தச் சிறிய வட்டாரத்துக்குள் ஆராயப்படுகிறது. ஆனால் வேலை, பதவி உயர்வு, நிதி என்று வரும்போது எல்லாரையும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எதிர்கொள்கிறது: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-குறியீடு எவ்வளவு? ஒரு துறைக்குள் ஓரளவு பொருள் தரும் இந்த எண்கள் துறை மாறியதும் பொருளை இழந்துவிடுகின்றன. பல துறைகளில் உழைப்பவருக்கு இவற்றால் நேர்வது அநீதி.

எச்-குறியீட்டை 2005-இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டு, 21 கட்டுரைகளுக்குத் தலா 21 என்ற அளவு எட்டவில்லை என்றால் அவருடைய குறியீடு 20. உயிர் அறிவியலில் இந்த எண் இயற்பியலைவிடப் பெரிதாக இருக்கும் என்று ஹிர்ஷே குறிப்பிட்டார். உயிரியலிலும் மருத்துவத்திலும் ஆய்வாளர்கள் ஏராளம். ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலும் நீளமானது. கணிதத்தில் பட்டியல் குறுகியது; ஒரு தேற்றத்தின் பயன் தெரியவே பல பத்தாண்டுகள் ஆகலாம். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வெளியான ஒரு கட்டுரைக்கு 5,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அதற்குக் கிடைக்கும் மேற்கோள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாக ஏறுகிறது. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி ஆலிவர் லவ்ரி குழு 1951-இல் எழுதிய கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள் உண்டு. ஆய்வகங்களில் அன்றாடம் தேவைப்பட்ட முறை என்பதே அதற்குக் காரணம். ஐன்ஸ்டைனின் கட்டுரைகளைவிட அது ஆழமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

துறைகளைக் கடந்து உழைத்தவருக்கு ஜி. என். ராமச்சந்திரனைவிட நல்ல எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை. சி. வி. ராமனிடம் பயின்ற இயற்பியலாளர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் 1950களில் கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பைக் கண்டறிந்தார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதை 1963-இல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவருடன் வரைந்து காட்டினார்; அதுவே ராமச்சந்திரன் வரைபடம். 1971-இல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உள்ளமைப்பை மீட்டெடுக்கும் கணித வழியை எழுதினார். அந்த வழியிலிருந்து பிறந்த வடிகட்டி இன்றும் சி.டி. ஸ்கேன் துறையில் ‘ராம்-லாக்’ எனப்படுகிறது. புரத அமைப்பைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தாமே போட்டுத் தருகின்றன. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவோரில் பலர் மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு கருத்து பொதுச்சொத்தாகிவிட்டால் அதைச் சொன்னவர் அடிக்குறிப்பிலிருந்து மறைந்துவிடுவார் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முன்பே கவனித்தார். காலமும் ஏமாற்றும். சி.டி. ஸ்கேனுக்கான கணிதத்தை ஆலன் கார்மாக் 1963, 1964-இல் வெளியிட்டபோது ஏறக்குறைய யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1979-இல் நோபல் பரிசு வந்தது. நடுவில் ஐந்தாண்டு மேற்கோள் கணக்கைப் பார்த்திருந்தால் அந்த ஆய்வு வீண் என்றே முடிவாகியிருக்கும்.

கட்டுரையாகவே வெளிப்படாத உழைப்பும் உண்டு. காதங்கி ஆய்வுக்கூட ராடாரின் 1,024 ஆன்டெனாக்களைப் பழுதின்றி இயங்கவைப்பவர்களால்தான் மற்றவர்கள் காற்றோட்டத்தைப் பற்றி எழுத முடிகிறது. வேளாண் விஞ்ஞானி பல ஆண்டு உழைத்து உருவாக்கும் நிலக்கடலை ரகம் விவசாயியின் வயலுக்குப் போகிறது. அவர் அதைப் பயிரிடுவாரே தவிர மேற்கோள் காட்ட மாட்டார்.

எண்களை ஒதுக்கினால் சிபாரிசும் சாதியும் செல்வாக்கும் தலைதூக்குமே என்று கேட்கலாம். நியாயமான அச்சம் இது. பின்புலமில்லாத இளைஞருக்கு எண் ஒரு கேடயமாக இருந்ததுண்டு. அந்தக் கேடயம் உறுதியாக இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையில், அதே ஆண்டில் வந்தவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். சுயமேற்கோளைக் கழித்து, ஆசிரியர் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்டான்போர்டின் ஜான் அயோனிடிஸ் குழு 2019 முதல் வெளியிடும் தரவுத்தளம் துறைவாரியாகவும் விஞ்ஞானிகளை வரிசைப்படுத்துகிறது. ஆனால் இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் நடுவே நிற்பவரை இந்தத் திருத்தங்களாலும் முழுமையாகப் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு பெட்டிக்குள் அவரை அடைத்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் படித்துப் பார்க்க நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. விண்ணப்பதாரரே தம் சிறந்த ஐந்து பணிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றாலும் என்ன மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதட்டும். அந்தந்தத் துறை அறிந்தவர்கள் அவற்றைப் படிக்கட்டும். கட்டுரை, தரவு, கருவி, மென்பொருள், பயிர் ரகம் எதுவும் அதில் இடம்பெறலாம். ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோளை, வைத்து மனிதரை மதிப்பிடாமல் ஆய்வின் உள்ளடக்கத்தைப் பாருங்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் கேட்டுக்கொண்டதும் இதைத்தான். ஏர்ப்பேடு போன்ற புதிய வளாகங்கள் பழைய பழக்கம் இறுகும் முன்பே இதை நடைமுறையாக்க முடியும். துறை எல்லையைத் தாண்டத் துணியும் இளம் ஆய்வாளருக்கு அவை செய்யக்கூடிய முதல் உதவி, அவர் எழுதியதைப் படித்துவிட்டு அவரை மதிப்பிடுவதுதான்.