ஸ்டோமா பையை நாமே மாற்ற: கைபேசி எப்படி உதவும்?



குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்துக் காயம் போன்றவற்றுக்கு ஆபரேஷன் செய்யும்போது, சிலருக்கு வயிற்றில் ஒரு திறப்பு வைத்து, மலமோ சிறுநீரோ அதன் வழியே ஒரு பைக்குள் வரும்படி செய்கிறார்கள். அந்தத் திறப்புதான் ஸ்டோமா. சிலருக்கு இது சில மாதங்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும்.

பை மாற்றும் முறையைச் செவிலியர் காட்டித் தருகிறார். ஆனால் வலியிலும் கவலையிலும் பார்த்தது வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறது. பிறகு எல்லாவற்றுக்கும் மனைவியையோ மகளையோ எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கசிந்துவிடுமோ என்ற பயத்தில் பள்ளிவாசலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவதே நின்றுவிடுகிறது.

இதற்குக் கையிலுள்ள போனே உதவும். டிஸ்சார்ஜுக்கு முன், செவிலியரின் அனுமதியோடு, உங்கள் பையை மாற்றுவதை உங்கள் போனிலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோமாவின் அளவும் இடமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பிறருடைய வீடியோவைவிட இதுவே பயன் தரும். சந்தேகம் வந்தால் யாரை, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை:

• பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிறைந்ததும் காலி செய்யுங்கள்.

• சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய் தடவினால் பை ஒட்டாது.

• ஒட்டும் தகட்டின் ஓட்டை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். முதல் சில வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும். எனவே வீடியோவில் உள்ள பழைய அளவை நம்பாமல், ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டுங்கள்.

தோல் சிவந்தால் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துச் செவிலியருக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருப்பது இயல்பு. அது கறுத்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, எதுவும் வெளியேறாமல் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலோ, போனில் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பை இருப்பதால் தொழுகையை விட வேண்டியதில்லை. உளூ செய்யும் முறையை ஆலிமிடம் கேளுங்கள். சிறுகுடலில் ஸ்டோமா உள்ளவர்களுக்கு உடலில் நீர் சீக்கிரம் குறையும். அவர்கள் நோன்பு வைக்குமுன் டாக்டரிடம் கேட்பது அவசியம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் கூடச் செய்யுங்கள். பிறகு போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அவர் கையாலேயே மாற்றட்டும். தன் வேலையைத் தானே செய்யும் நாளில்தான் அவருக்கு வெளியே வரும் தைரியம் வரும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.