உப்பளக் கரையில் ஓர் உப்பில்லா நோன்பு

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழி புத்தளக் கரையோரத்திலேதான் பிறந்ததோ என எண்ணத் தோன்றும். அவ்வளவுக்கு அங்கே உப்பும் வாழ்வும் பிணைந்துள்ளன. புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள். கற்பிட்டி, உடப்பு, சிலாபம் ஆகிய கரைகளில் வெயிலிற் காயும் கருவாடு. தெற்கே தென்னஞ் சோலைகள். நாட்டின் தெங்கு ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்து லுணுவிலவிலேயே அமைந்துள்ளது.

உப்பு, கருவாடு, இளநீர் ஆகிய மூன்றும் இம்மக்களுக்கு இயற்கை அளித்த செல்வங்கள். ஆயின், சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தின் துணையால் உயிர் வாழ்பவருக்கு இம்மூன்றுமே பகையாகின்றன. அஃது ஏன் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

இரு சிறு காவலர்

நம் முதுகுப் புறத்தே, விலா எலும்புகளின் கீழ்ப்பாகத்தில் இரு சிறுநீரகங்கள் உள. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இவை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை மீளச் சேர்த்து, கழிவோடு கூடிய ஒன்றரை லீற்றரை மாத்திரம் வெளியேற்றுகின்றன. உப்பையும் பொற்றாசியத்தையும் அளவோடு நிறுத்துவனவும் இவையே.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இவற்றைக் கெடுக்கும் முதற் பகைவர். இவ்விரண்டும் இல்லாத விவசாயிகளையும் சிறுநீரக நோய் பீடிப்பது, அயலிலுள்ள அனுராதபுர மாவட்டத்தில் 1990ஆம் ஆண்டுகள் முதல் அறியப்பட்டுள்ளது.

பன்னிரண்டு மணி நேரத் துணை

செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையை இயந்திரத்தாற் செய்விக்கலாம் என்று காட்டியவர் டொக்டர் வில்லெம் கொல்ஃப். இரண்டாவது உலக யுத்த காலத்தில், 1943இல், நெதர்லாந்தின் காம்பென் நகரிலே அவர் தமது இயந்திரத்தை அமைத்தார். 1945இல் அதனால் உயிர் பிழைத்த முதல் நோயாளி 67 வயது மூதாட்டி ஒருவர். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இச்சிகிச்சையைத் தொடரும் வழியை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டொக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960இல் திறந்து வைத்தார்.

இன்று இதனை டயலிசிஸ் என்றும் இரத்தச் சுத்திகரிப்பு என்றும் அழைக்கிறோம். வழக்கமான முறை வாரத்தில் மூன்று தடவை. தடவைக்கு நான்கு மணி நேரம். கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகரை அடையவே 40 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி. அன்றாடம் கடலுக்குச் சென்று உழைப்பவருக்கு இது வாரத்தில் மூன்று நாள் உழைப்பை இழப்பதாகும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். இயந்திரம் துணை நிற்பதோ பன்னிரண்டு மணி நேரமே. எஞ்சிய 156 மணி நேரத்திலும் நோயாளியைக் காப்பது அவரது நாவடக்கம்.

அன்பும் ஆபத்தாகலாம்

உப்பு தாகத்தைத் தூண்டும். தாகம் நீரை வேண்டும். அந்நீர் வெளியேற வழியின்றி உடம்பில் தேங்கிச் சுவாசப்பையை அடைந்து மூச்சை முட்டச் செய்யும். பொற்றாசியம் மிகுந்தாலோ, முன்னறிவிப்பின்றியே இருதயத் துடிப்பு நின்றுவிடக் கூடும். இளநீர், வாழைப்பழம், தோடம்பழம் ஆகியவற்றில் அது மிகுதி. வருத்தம் பார்க்க வருவோர் அன்போடு கொண்டுவருவனவும் இவையே! "சலத்துக்கு இளநீர் நல்லது" என்பது சுகதேகிக்குப் பொருந்தலாம்; இந்நோயாளிக்கு அது நஞ்சாகலாம். கடைகளில் விற்கும் "மாற்று உப்பு" வகைகள் பலவற்றிலும் பொற்றாசியமே உண்டு.

வீட்டார் செய்யக் கூடியன பல. வைத்தியர் குறித்த நீரைக் காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வைக்கலாம். மரக்கறிகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் அவித்து, அந்நீரைக் கொட்டிவிடலாம். சிகிச்சைக்கென நாளம் இணைக்கப்பட்ட கையிலே ஊசி ஏற்றவும் அழுத்தம் அளக்கவும் இடங்கொடாதிருக்கலாம். அக்கையால் தண்ணீர் வாளி தூக்கவும் விடலாகாது. முன்னேஸ்வரத் திருவிழாவாயினும், தலவில பெருநாளாயினும், நோன்புப் பெருநாளாயினும், விருந்தினிடையே அவர் மட்டும் தனித்துப் போகாவண்ணம் உப்புக் குறைந்த கறியொன்றை எல்லோருமே உண்ணலாம். ஒருவர் நோன்பை வீடே பகிர்ந்துகொண்டால் அதன் பாரம் பாதியாகும்.

காத்திருப்பு எப்போது முடியும்?

இந்நோன்பின் கட்டுகளைத் தளர்த்த வல்லது மாற்றுச் சிறுநீரகம். 1954 டிசம்பர் 23ஆந் திகதி பொஸ்டன் நகரில் டொக்டர் ஜோசப் மறே, இரட்டையருள் ஒருவரது சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்; 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழகத்தின் வேலூரில் 1971இலும், நம் நாட்டில் 1985இலும் இச்சிகிச்சை கைகூடிற்று. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்துக்கு வழிவகுத்து, உறுப்பு வியாபாரத்தைத் தடை செய்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். எனினும் இயந்திரத்தின் பிடியிலிருந்து அவர் விடுதலை பெறுகிறார்.

தக்க பரிசோதனையின் பின் உறவினர் ஒருவர் ஒரு சிறுநீரகத்தை ஈந்து, மற்றதோடு நலமாக வாழ முடியும். மூளை இறந்தவரின் இரு சிறுநீரகங்களோ இருவரை வாழ்விக்கும். அதற்கு இசைவு தர வேண்டியவர் துயரத்தில் மூழ்கியிருக்கும் குடும்பத்தார். இறந்தவரின் விருப்பத்தை அவர்கள் முன்னரே அறிந்திருந்தால் அந்த வேளையில் மனம் தடுமாறாது.

கண்ணப்பர் கண்ணை ஈந்ததையும் சிபி தசையை அரிந்ததையும் மாணவருக்குக் கற்பிக்கிறோம். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தான சங்கத்தின் வழியே, பிற நாட்டவருக்கும் பார்வை அளித்த நாடு நமது. கண்ணை ஈந்த கைகளுக்குச் சிறுநீரகம் ஈதலும் அரிதன்று. இன்றிரவு குடும்பத்தோடு உண்ண அமரும்போது இதனைப் பற்றிச் சிறிது பேசுங்கள். எங்கோ ஒருவர், அளந்து வைத்த போத்தலைப் பார்த்தபடி, அந்தப் பேச்சுக்காகவே காத்திருக்கிறார்.