இயங்குதளம் மாறலாம், கணக்கு மாறலாமா?

கொல்கத்தா: 1864ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சூறையாடிய புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பொய்த்த பருவமழையுமே 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை உருவாகக் காரணமாயின. இந்நகரில் இருந்த அதன் தலைமையகம் பின்னர் தில்லி சென்றுவிட்டது. எனினும் புயல் காலங்களில் வங்கக் கடலோர மக்கள் எதிர்நோக்குவது அலிப்பூர் மண்டல வானிலை மையத்தின் எச்சரிக்கையைத்தான்.

புயலின் பாதையைக் கணிக்கும் மென்பொருள்களில் பல, ஃபோர்ட்ரான் மொழியில் பல்லாண்டுகளாக எழுதிச் சேர்க்கப்பட்டவை. கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தால் அவற்றுக்குத் துணையான நிரல்களும் மாறுகின்றன. மென்பொருள் இயங்க மறுத்தால் உடனே தெரிந்துவிடும். இயங்கிக்கொண்டே கடைசித் தசம இலக்கத்தில் வேறு விடை தருவதுதான் சிக்கல். இத்தகைய சிறு வேறுபாடு நாளாக ஆகப் பெருகும் என்பதை 1963இல் எட்வர்ட் லோரன்ஸ் எடுத்துக்காட்டினார். புதுப்பிக்காமல் இருந்தாலோ, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினி ஊடுருவலுக்கு இலக்காகும்.

உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இலவசமாகப் பயன்படுத்திய சென்ட் ஓஎஸ் இயங்குதளத்தின் கதை இதற்குச் சான்று. அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என எதிர்பார்க்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் கைக்கு 2019இல் சென்ற ரெட்ஹேட், 2021 முடிவிலேயே அதை நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தது. 7ஆம் பதிப்பும் 2024 ஜூனில் முடிவுற்றது. செர்ன், ஃபெர்மிலேப் ஆய்வகங்கள் 2022இல் அல்மா லினக்சைத் தேர்ந்தன. செர்னின் 'ஆலிஸ்' சோதனைத் தரவுகளை அலசும் உலகக் கணினிப் பின்னலில், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் ஒரு கண்ணி. அங்கு எடுக்கும் முடிவு இங்கும் எதிரொலிக்கும்.

வழி இல்லாமல் இல்லை. பழைய மென்பொருளை அதன் துணை நிரல்களோடு தனிப் பெட்டகமாகக் கட்டி, புதிய தளத்தில் இயக்கலாம். பழைய, புதிய கணினிகளைச் சில காலம் இணையாக ஓடவிட்டு, கடந்த காலப் புயல்களின் தரவுகளைக் கொடுத்து விடைகளை ஒப்பிடலாம். ஆனால் இவற்றைச் செய்ய, அந்த மென்பொருளை அறிந்த நிரந்தரப் பணியாளர்கள் வேண்டும்.

வானிலை ஆய்வுக்காக 850 கோடி ரூபாய்ச் செலவில் அர்கா, அருணிகா கணினிகள் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டன. சென்னை சி-டாக் மையம் 2007இல் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையே உருவாக்கிக் காட்டியது. கருவியும் திறனும் நாட்டில் உண்டு. கணினி வாங்க ஒதுக்கும் நிதியோடு, அதில் ஓடும் கணக்கைக் காக்கும் கைகளுக்கும் நிதி ஒதுக்கப்படுமா என்பதே கேள்வி.