பலகையை மட்டும் எண்ணாதீர்கள்

பனி உருகிப் பின்வளவு தெரியத் தொடங்கியதும் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "டெக் போடச் சதுர அடிக்கு எவ்வளவு?" கேட்பவருக்கும் சொல்பவருக்கும் வசதியான கேள்விதான். ஆனால் மண்ணுக்கடியில் போகும் பணமும் டெக்கின் ஓரத்தில் எழும்பும் பணமும் அந்த ஒற்றை விலைக்குள் பெரும்பாலும் அடங்குவதில்லை.

நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில், 12 அடிக்கு 16 அடி டெக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்பலகைக் கணக்கு சுலபம். 6 அங்குலம் என்று கடையில் விற்கும் பலகையை அளந்து பார்த்தால் ஐந்தரை அங்குலம்தான் இருக்கும். 144 அங்குலத்தை ஐந்தரையால் வகுத்தால் 16 அடிப் பலகை 27 வேண்டும். மருந்தேற்றிய மரம் ஈரமாக வருவதால் நெருக்கியே அடிப்பார்கள். காயக் காய இடைவெளி தானாக விழும். கோணல், வெடிப்பு என்று கழிவதற்குப் பத்து வீதம் சேர்த்தால் 30 பலகை. அடியில் 16 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் 13. பலருடைய கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது.

ரொறன்ரோப் பக்கத்தில் மாரியில் மண் உறைந்து வீங்கும். அந்த வீக்கம் தூணைத் தூக்காமல் இருக்க அத்திவாரக் குழி 4 அடி ஆழம் போக வேண்டும். 10 அங்குல விட்டத்தில் குழாய் இறக்கிக் கொங்கிறீற் நிரப்பினால் குழி ஒன்றுக்கு 30 கிலோ பை ஐந்து வரை பிடிக்கும். 16 அடி உத்தரத்துக்கு மூன்று தூண் என்றால் 15 பை.

அதோடு விட்டதா? டெக்கின் ஒரு பக்கத்தை வீட்டில் பூட்ட முடிந்தால் ஒரு வரிசைத் தூண் மிச்சம். ஆனால் இங்குள்ள வீடுகள் பலவற்றில் வெளியே தெரியும் செங்கல், மரச் சட்டகத்துக்கு முன்னால் எழுப்பிய ஒற்றை வரிச் சுவர். தன் பாரத்தைச் சுமக்கத்தான் அதனால் முடியும். அதில் போல்ற் இறுக்கி டெக்கைத் தொங்கவிடக் கூடாது. ஆகவே வீட்டோரமாக இன்னொரு உத்தரம், இன்னும் மூன்று குழி. பை 30 ஆகிவிட்டது. எடை 900 கிலோ. வீட்டோர மண் அத்திவாரம் கட்டியபின் நிரப்பிய மண் என்பதால், இறுகிய தரை கிடைக்கும்வரை இன்னும் ஆழமாகத் தோண்ட நேரலாம். ஒப்பந்தக்காரர் ஒருவர் மற்றவரைவிட மிகவும் மலிவாகச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எத்தனை குழி, எவ்வளவு ஆழம் என்பதுதான்.

அடுத்தது கைபிடி வேலி. டெக் நிலத்திலிருந்து 2 அடிக்கு மேல் உயர்ந்தால் ரொறன்ரோவில் பெர்மிட் வேண்டும், வேலியும் கட்டாயம். சின்னப் பிள்ளையின் தலை நுழையாதபடி கம்புகளுக்கிடையே 4 அங்குலத்துக்குக் குறைவாகவே இடைவெளி இருக்க வேண்டும். மூன்று பக்கம் 40 அடி, படிக்கு 4 அடி போக 36 அடி. ஒன்றரை அங்குலக் கம்பை மூன்றரை அங்குல இடைவெளியில் நிறுத்தினால் 86 கம்பு வரும். ஒவ்வொன்றையும் வெட்டிப் பூட்டும் கூலிதான் கணக்கைக் குப்புறத் தள்ளுவது.

திருகாணியைச் சில்லறைச் செலவு என்று நினைக்காதீர்கள். 27 பலகை, 13 சட்டம், சந்திப்புக்கு இரண்டு: 702 திருகாணி. 2003-உடன் ஆர்சனிக் கலந்த மருந்து வீட்டு மரங்களிலிருந்து விலக்கப்பட்டது. அதன்பின் வந்த மருந்துகளில் செம்பு அதிகம். அது சாதாரண இரும்பை அரித்துவிடும். நன்றாக நாகம் பூசியதோ துருவேறா எஃகோ வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்பத்தான். உறுதியில் மிச்சம் பிடிப்பது ஆபத்து: அதே 2003 ஜூனில் சிகாகோவில் ஆட்கள் நிறைந்த மாடித் தாழ்வாரம் ஒன்று இடிந்து 13 பேர் இறந்தார்கள். விருந்துக்கு நாற்பது பேரைக் கூப்பிடும் நம் சனம் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகை போட்டால்? மேற்பலகையின் விலை ஏறும். அடிச்சட்டகமும் குழிகளும் அப்படியேதான்.

மதிப்பீட்டைக் குழி, சட்டகம், மேற்பலகை, வேலி, படி, பெர்மிட், தோண்டிய மண்ணை அகற்றும் செலவு, 13 வீத வரி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "காசாகத் தந்தால் வரி இல்லை" என்பவரிடம் பற்றுச்சீட்டும் கிடைக்காது, பிறகு பிழை வந்தால் கேட்க ஆதாரமும் இருக்காது. அந்த விலை எந்தத் திகதிவரை செல்லும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்: 2021 மே மாதம் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்ட் அடி மரம் 1,600 டொலரைத் தாண்டியது, அந்தக் கோடை முடியுமுன் பாதிக்கும் கீழே விழுந்தது.

பணம் பற்றாவிட்டால் 10 அடிக்கு 12 அடி கட்டுங்கள். குழியின் ஆழத்தில் கை வைக்க வேண்டாம். எந்த அளவில் கட்டினாலும், தோண்டுவதற்கு முன் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவியுங்கள். நிலத்தடியில் காஸ் குழாயும் மின்கம்பியும் போகும் இடங்களை இலவசமாகக் குறித்துத் தர ஏற்பாடு செய்வார்கள்.