பழைய பரக்கினோவைத் திறந்து பார்த்தால்

பலெர்மோத் தமிழர் பல்லாரோச் சந்தைக்குப் போவது முருங்கைக்காய்க்கும் வெண்டிக்காய்க்கும். எனக்கு அங்கே இன்னோர் அலுவலும் உண்டு. ஞாயிறு காலையில் சந்தையின் ஓரத்தில் நிலத்தில் துணி விரித்து, துருப்பிடித்த சாவி, கைப்பிடி உடைந்த கோப்பிக் கேத்தல், யாரோ செத்துப்போனவரின் மூக்குக்கண்ணாடி என்று பரப்பியிருப்பார்கள். அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி, பெரிய திருகு, சின்ன முள் மீற்றர், சுருள் வயரில் தொங்கும் மைக் தெரிந்தால் நான் குந்திவிடுவேன். இங்கத்தைய சனம் அதைப் பரக்கினோ என்னும். உலகத்துக்கு அது சிபி றேடியோ.

சாதாரண சனம் கதைக்கவென்று ஒதுக்கிவிட்ட அலைவரிசைதான் சிபி. பரீட்சை எழுத வேண்டாம், மோர்ஸ் படிக்க வேண்டாம். 26.965 மெகாஹேர்ட்ஸிலிருந்து 27.405 வரை 40 சேனல்கள், 4 வாற் சக்தி. நகரத்துக்குள் சில கிலோமீற்றர் போகும். வெட்டவெளியில் இன்னும் கொஞ்சம். அமெரிக்காவில் 1958 இல் இந்த 27 மெகாஹேர்ட்ஸைத் திறந்துவிட்டார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது எங்கே டீசல் இருக்கிறது, எந்த வளைவில் பொலிஸ் நிற்கிறது என்று லொறிக்காரர் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்க, நாடே பைத்தியமாகிவிட்டது. இத்தாலியில் 1973 இல் சட்டம் இடம் கொடுக்கும்வரை கள்ளமாகத்தான் கதைத்தார்கள். 1976 இல் பிரியூலியிலும் 1980 இல் இர்பீனியாவிலும் நிலம் நடுங்கித் தொலைபேசி செத்தபோது, செய்தி கடத்தியவர்களில் இந்தப் பெட்டிக்காரரும் இருந்தார்கள்.

இந்தச் சிசிலித் தீவுக்கு றேடியோவின் அருமை முன்பே தெரியும். பலெர்மோவுக்குப் பக்கத்து ஊர் பார்த்தினிக்கோ. 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. இரண்டு வருடமாகியும் வீடு கட்டிக் கொடுக்கவில்லை. 1970 மார்ச் 25 அன்று, சிசிலியின் காந்தி என்று சொல்லப்பட்ட தனிலோ தொல்சியின் ஆட்கள் பார்த்தினிக்கோவில் ஒரு கட்டிடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, அனுமதியில்லாத வானொலி ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு நாளுக்குச் சற்றே மேல். பிறகு பொலிஸ் உடைத்துக்கொண்டு வந்து மூடியது. அது சிபி இல்லை, வேறு அலைவரிசை. ஆனால் எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடிக் கிழவர் பரக்கினோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கடைசியில் பார்த்தினிக்கோவில்தான் போய் நிற்பார். 70களில் அவர் இரவிரவாக பல்கனியில் ஏரியல் கட்டிக் கதைத்தவர். சொந்தப் பெயர் சொல்வதில்லை, எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். வருடக்கணக்காகக் கதைத்த ஒருவர் தன் தெருவிலேயே மீன் விற்றவர் என்று பிறகுதான் தெரிந்ததாம்.

என் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் நான் றேடியோ திருத்தும் கடையில் தொழில் பழகியவன். 90களின் தொடக்கத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் தமிழோசை கேட்டோம். கை ஓய்ந்தால் செய்தி ஓய்ந்துவிடும். எதைத் திறந்தாலும் திருத்தலாம் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் ஏறியது. பலெர்மோவில் காலையில் வீடு துப்பரவாக்கப் போகிறேன். பின்னேரம் மேசையில் ஈயமும் சோல்டரிங் கம்பியும்.

பல்லாரோவில் எடுத்த ஒரு லாஃபயெற் 23 சேனல் செட்டைச் சொல்கிறேன். பழைய பெட்டியின் கவர்ச்சி எது என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் திறந்து காட்டுவது. அமெரிக்காவில் 1977 ஜனவரி 1 அன்றுதான் 40 சேனல் வந்தது. அதற்கு முந்திய செட்டுகளில் 23. ஒவ்வொரு சேனலுக்கும் அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று குவார்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் 46 வேண்டும், கட்டுப்படியாகாது. அதனால் ஆறு கிரிஸ்டலை ஒரு வரிசையிலும், நான்கை இன்னொரு வரிசையிலும் வைத்து, ஒன்றோடொன்று கலந்தார்கள். ஆறு நாலு இருபத்துநாலு. அதில் ஒன்றை விட்டால் 23. அனுப்புவதற்கு நான்கு, கேட்பதற்கு வேறு நான்கு. மொத்தம் 14 கிரிஸ்டல்.

என் செட்டில் 3, 7, 11, 15, 19 ஆகிய சேனல்களில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதே சேனல்களில் நான் கதைத்தது கிழவரின் பெட்டியில் நன்றாக விழுந்தது. பெட்டியைத் திறக்க முன்னமே நோய் தெரிந்துவிட்டது. நாலுக்கு ஒன்றாகச் சேனல் போகிறதென்றால் கோளாறு நான்கு வரிசையில். கேட்பது மட்டும் போகிறதென்றால் கேட்கும் நான்கில் மூன்றாவது. மூடியைக் கழற்றி உருப்பெருக்கியால் பார்த்தேன். அந்தக் கிரிஸ்டலின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் தலைமயிர் அளவு வட்ட வெடிப்பு. சோல்டரிங் கம்பியால் தொட்டு, புது ஈயம் ஒரு சொட்டு. ஐந்து சேனலும் வந்துவிட்டன. மூடியின் உட்பக்கத்தில் சுற்றுப்படம் ஒட்டியிருந்தது. திறக்கப்போகிறவன் ஒருவன் வருவான் என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு பிஎல்எல் சில்லு வந்து 14 கிரிஸ்டலின் வேலையை ஒன்றிரண்டோடு முடித்தது. செட் சிறுத்தது, விலை இறங்கியது. ஆனால் சில்லு போனால் எல்லாச் சேனலும் ஒன்றாகப் போகும். அந்தத் தலைமுறையிலும் நல்ல பெட்டிகள் உண்டு: கோப்ரா 148 ஜிடிஎல், ரெஜ்ஜோ எமிலியாவின் சிடிஈ நிறுவனம் விற்ற ஆலன் 48. அவற்றையும் கையால் திருத்தலாம்.

இப்போதைய செட்டுகளில் உறுப்புகள் கடுகைவிடச் சிறிசு, பலகையோடு ஒட்டிப் பதிந்தவை. நண்பரின் காரில் பூட்டிய புதுச் செட்டில் ஒரு நாள் திரை இருண்டுவிட்டது. விற்ற கடை திருத்தமாட்டோம், புதிது எடு என்றது. நான் திறந்தேன், பார்த்தேன், மூடினேன்.

அதற்காகப் புதிதைப் பழிக்கமாட்டேன். மிட்லாண்ட் எம்-மினி உள்ளங்கைக்குள் அடங்கும். என் லாஃபயெற்றைக் காரில் பூட்டினால் முழங்கால் இடிக்கும். இரைச்சலைத் தானே அடக்கும் வசதி புதிதில் உண்டு. எல்ஈடி விளக்கும் போன் சார்ஜரும் பெருகிய பழைய நகரத்துக் குடியிருப்பில் ஏஎம் கேட்பது காதுக்குத் தண்டனை. பழைய செட்டில் மின்தேக்கி காய்ந்திருக்கும், திருகில் கரகரப்பு இருக்கும், சூடேற அலைவரிசை கொஞ்சம் நகரும். வால்வு செட் என்றால் உள்ளே ஆளைக் கொல்லும் வோல்டேஜ். "பழசின்ர குரல் தனி" என்று சிலர் உருகுவார்கள். பாதி உண்மை, மீதி நல்ல மைக்கும் பெரிய ஸ்பீக்கரும்.

"மாமா, வட்ஸ்அப் இருக்கேக்க இது என்னத்துக்கு?" என்று நண்பரின் மகன் கேட்டான். கோடைகாலத்துப் பின்னேரம் ஒன்றில் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அந்த மாதங்களில் வானத்தில் சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற மேகம்போல ஒன்று திடீரென்று கூடும். 27 மெகாஹேர்ட்ஸ் அதில் பட்டுத் திரும்பி ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் தள்ளி இறங்கும். முள் துள்ளியது, ஜேர்மன் மொழியில் ஒரு குரல், சில நிமிடத்தில் மங்கிவிட்டது. பெடியன் போனைக் கீழே வைத்துவிட்டு முள்ளைப் பார்த்தான். இந்த வித்தை புதுச் செட்டிலும் நடக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் குரல் எந்தக் கிரிஸ்டல் வழியாக, எந்தச் சுருள் வழியாக வந்தது என்று விரலால் தொட்டுக் காட்டப் பழசில்தான் முடியும். நான் காசு கொடுப்பது அதற்குத்தான்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு இங்கிருந்து ஒன்றைக் கொண்டுபோக முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உரிமம் இல்லாமல் பாவிக்க விட்டிருப்பது 26.957 முதல் 27.283 மெகாஹேர்ட்ஸ் வரை, 5 வாற்றுக்குள், ஏரியல் செட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும். கூரையில் கம்பி கட்டும் பழைய பரக்கினோ அதற்குள் அடங்காது. இங்கே வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு சொல்: சந்தையில் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஏரியல் கொழுவாமல் மைக்கின் பொத்தானை அமத்தாதீர்கள். போக இடமில்லாத சக்தி திரும்பி வந்து கடைசி ட்ரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். அந்தப் பழைய இலக்கத்தில் அசல் ட்ரான்சிஸ்டர் இப்போது லேசில் கிடைக்காது.